தீயும் செவியும்

கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டுமா? 1943-ஆம் ஆண்டில் இவ்வினா தமிழகத்து மேடைகளில் எழுந்தது. எரிப்பதே தகும் என வாதிட்டார் அறிஞர் அண்ணா. சென்னையில் அவரை எதிர்கொண்டவர் ரா.பி. சேதுப்பிள்ளை, சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார். அச்சொற்போர்கள் ‘தீ பரவட்டும்’ என்னும் நூலாக இன்றும் படிக்கப்படுகின்றன. எதிர்த்து நின்ற இருவருமே சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர்கள். ஆதலின், கீரப்பாளையத்தில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தியன்று.

குருமாணவராய் இந்நூலை முதன்முறை படித்தபோது கையில் பென்சில் வைத்திருந்தோம். அண்மையில் அப்பிரதியை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அண்ணாவின் மிகைகள் யாவும் கோடிடப்பட்டிருந்தன. அவர் தொடுத்த வலிய வினாக்களின் அருகே ஒரு குறிப்பும் இல்லை. இறைநம்பிக்கையை மறுக்கும் அணியினர் என்று அவரை முன்னரே முடிவு கட்டிவிட்டோம். பிறகு படித்தது, தீர்ப்புக்குச் சான்று தேடிய வேலையே.

அந்நூலின் வலிமை எது? ஒரு காவியம் எத்துணை அழகாயினும், அது ஓர் இனத்தாரைத் தாழ்த்துமாயின் அதற்கு விடை கூற வேண்டாமா என்று அது கேட்கிறது. கேள்வி நீதியைப் பற்றியது. கம்பனின் அன்பர் பலர் அழகைப் பற்றியே விடை தந்தனர். நூலின் குறை எது? கவிஞனை ஒரு கட்சியின் வழக்கறிஞனாக மட்டுமே அது காண்கிறது. கதைமாந்தரின் துயரத்துக்குள் கம்பன் புகும் இடங்களைக் கடந்து போகிறது.

பாரதியாரைப் பழமைவாதி என்று ஒதுக்குவதும் எளிதன்று. ‘தசரதன் குறையும் கைகேயி நிறையும்’ எழுதி, மரபான தீர்ப்பையே புரட்டியவர் அவர். இந்தி எதிர்ப்பில் பெரியாரோடு நின்றவரும் அவரே. அண்ணாவையும் ஒரு சொல்லில் அடக்க இயலாது. 1968-இல் அவர் முதலமைச்சராக இருக்கையில், உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் கம்பருக்குச் சிலை எழுந்தது.

இச்சிலையைப் பற்றித்தான் நம் ஊரில் நண்பர் இருவர் வாதிட்டனர். “தோல்வியை ஒப்புக்கொண்டார்” என்றார் ஒருவர். “ஆட்சிக்காகப் பொறுத்துக்கொண்டார்” என்றார் மற்றவர். பொறுப்பு ஏற்ற மனிதர் வளர்ந்திருக்கலாம் என்னும் மூன்றாம் வழி எவருக்கும் தோன்றவில்லை. ஒரே பள்ளியில் படித்த அவ்விருவரும், இன்று ஒருவர் வீட்டு நல்லது கெட்டதற்கு மற்றவர் செல்வதில்லை. சிலைக்கு அதனால் நட்டமில்லை. நட்டம் இரு குடும்பங்களுக்கே.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் கருத்தைக் கூறுமுன் மாற்றாரின் தடைகளை வரிசையாக எடுத்துரைப்பார். புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே, பிறர் கூற்றைக் கண்டிப்பதைவிட அதற்கு நற்பொருள் காண முந்துமாறு பணிக்கிறார். பொருள் விளங்காவிடின் அவரையே கேட்கச் சொல்கிறார். இறையியல் கற்ற நாம் இவற்றைத் தேர்வில் எழுதினோம். பென்சில் பிடித்த கையில் கடைப்பிடிக்கவில்லை.

இது நடுநிலை என்ற பெயரில் நழுவும் வழியன்று. நூல்களை எரிப்பது தவறென்றே இன்றும் கருதுகிறோம். ஆயினும் எரிக்கச் சொன்னவரின் காயத்தைக் கேளாது அதைக் கூறியது நம் பிழை. பழைய பிரதியில் விடுபட்ட வரிகளுக்கு இப்போது கோடிட்டு வருகிறோம். அந்நண்பர் இருவருக்கும் அதை ஒருவர்பின் ஒருவராய்த் தர எண்ணம். கோடுகள் எவை முந்தியவை, எவை பிந்தியவை என்று அவர்களே கேட்கட்டும்.