கைம்பெண்ணின் முறையீடு

லூக்கா நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் கைம்பெண் நடுவரிடம் இரக்கத்தைக் கேட்கவில்லை, நீதியையே கேட்கிறாள். சிந்தியா வேட் இயக்கி, 2008-இல் சிறந்த ஆவணக் குறும்படத்திற்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற 'ஃப்ரீஹெல்ட்' என்னும் படத்தைக் கண்டு முடித்தபோது அவ்வுவமையே நெஞ்சில் எழுந்தது.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், ஓஷன் மாவட்டத்தின் புலனாய்வு அதிகாரியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர் லாரல் ஹெஸ்டர். நுரையீரல் புற்றுநோயால் தம் இறுதியை எதிர்நோக்கியிருந்த அவர், தமக்குப்பின் தம் ஓய்வூதியம் துணைவி ஸ்டேசி ஆண்ட்ரீக்குச் சேரவேண்டும் என 2005-இல் வேண்டினார். இருவரும் மாநிலச் சட்டப்படி இல்லத்துணைவராகப் பதிவு செய்துகொண்டவர்கள். ஆயினும் அச்சட்டம், மாநில அரசு ஊழியரின் துணைவருக்கு அளித்த ஓய்வூதிய உரிமையை, மாவட்ட ஊழியரைப் பொறுத்தவரை அந்தந்த மாவட்ட அவையின் விருப்பத்திற்கு விட்டிருந்தது. ஐவர் அடங்கிய அவை மறுத்தது. திருமணத்தின் புனிதம் காக்கப்படவேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். உடன் உழைத்த மணமான காவலர் இறந்தால் அவர் மனைவிக்குக் கிடைப்பது, இவருடைய துணைவிக்கு இல்லை.

படத்தின் வலிமை அதன் அடக்கம். அவைக்கூடத்தில் சக காவலர்கள் எழுந்து தம் தோழிக்காகப் பேசுகின்றனர். வீட்டில் ஸ்டேசி நோயாளியின் தலைமுடியை மழித்துவிடுகிறார். வாதத்தையும் வாழ்வையும் இவ்வாறு அருகருகே வைப்பதே இயக்குநரின் முறை. இதே பெயரில் 2015-இல் வந்த கதைப்படம், ஜூலியன் மூரின் சிறந்த நடிப்பு இருந்தும், காதல் கதையிலும் துப்பறியும் கதையிலும் நெடுநேரம் செலவிட்டு அந்தக் கூர்மையை இழந்துவிடுகிறது.

குறும்படத்திலும் ஒரு குறை உண்டு. 2006 சனவரியில் அவை இணங்கியது. அடுத்த மாதமே ஹெஸ்டர் மறைந்தார். இவ்வெற்றியில் நம் கண்களை நனைக்கும் படம், ஒரு வினாவைக் கேளாமல் விடுகிறது. தம் மரணப்படுக்கையையே ஊர் அறியத் திறந்துகாட்டினால்தான் உரிமை கிட்டும் என்றால், அதற்கு நீதி என்று பெயரா? போற்றத்தக்க பணிவரலாறும், குரல்கொடுக்கத் தோழர்களும், ஒளிப்படக் கருவியும் வாய்க்காத இணையர் என்செய்வர்?

திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரிய அருளடையாளம் என்று திருச்சபை கற்பிக்கிறது. ஒருபால் உறவுகளுக்குச் சட்ட ஏற்பு அளிப்பதை வத்திக்கான் 2003-இல் வெளியிட்ட ஏடு எதிர்க்கிறது. அதே திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, 2358-ஆம் எண்ணில், தன்பால் ஈர்ப்புடையோரை மரியாதையோடும் பரிவோடும் ஏற்குமாறும், அவர்கள்மீது முறையற்ற பாகுபாட்டின் எந்தச் சாயலையும் தவிர்க்குமாறும் பணிக்கிறது. முதற்போதனையை உரத்துக் கூறும் நாம் இரண்டாவதை மெல்ல முணுமுணுக்கிறோம். ஹெஸ்டர் அந்த அவையிடம் அருளடையாளத்தைக் கேட்கவில்லை. தாம் உழைத்துச் சேர்த்த ஓய்வூதியத்தையே கேட்டார். அதை மறுப்பதால் எந்தத் திருமணம் புனிதமடைந்தது?

உவமையின் நடுவர் தொல்லை பொறாமலாவது நீதி வழங்கினார். தொல்லை கொடுக்கவும் வலுவற்றோரின் முறையீடு இன்று நம் செவிகளில் விழுகிறதா?