கழற்றும் உரிமை: கலப்பு யதார்த்தமும் திருவேற்காட்டுச் சாமியாட்டமும்

மெய்நிகர் யதார்த்தம், கூட்டப்பட்ட யதார்த்தம், கலப்பு யதார்த்தம். இந்த மூன்று பெயர்களையும் சந்தை மாற்றிமாற்றி விற்றுக்கொண்டிருக்கிறது. முதலாவது, கண்ணை மூடிக் கட்டி வேறோர் உலகத்தில் இறக்கிவிடுவது. இரண்டாவது, கண்முன் இருப்பதன் மேல் எழுத்தையோ படத்தையோ ஒட்டுவது. மூன்றாவது, இல்லாத பொருளை இருக்கிற மேசைமீது வைப்பது. மேசை நகர்ந்தால் அதுவும் நகரும், தூண் மறைத்தால் அதுவும் மறையும். இப்படி வகைபிரித்துச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடுகிறதா? வகைபிரிப்பதே ஓர் அதிகாரச் செயல்பாடு என்று பேசிவந்த நாம் இங்கே மட்டும் வாய்மூடி இருப்பது சரியாகாது.

1994இல் பால் மில்கிராம், ஃபுமியோ கிஷினோ இருவரும் ஒரு கோடு வரைந்தார்கள். ஒரு முனையில் முழு யதார்த்தம், மறு முனையில் முழு மெய்நிகர், இடைப்பட்டதெல்லாம் கலப்பு. இன்றுவரை பாடப்புத்தகமும் விளம்பரமும் இந்தக் கோட்டில்தான் நடக்கின்றன. கோட்டின் முதல் முனையில் கலப்பே இல்லாத, சுத்தமான யதார்த்தம் ஒன்று இருப்பதாக அது நம்மை நம்பவைக்கிறது. சிக்கல் இங்குதான்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போய் நின்று பார்க்கலாம். வேப்பிலையும் உடுக்கைச் சத்தமுமாகக் கூட்டம் நெரியும்போது திடீரென ஒரு பெண் ஆடத் தொடங்குகிறாள். “சாமி வந்துருச்சு” என்று சுற்றியிருப்பவர்கள் விலகி இடம் விடுகிறார்கள். அதுவரை ‘ஏம்மா தள்ளி நில்லு’ என்று அதட்டிய வாய்கள் அவளைத் ‘தாயே’ என்கின்றன. அவள் யார்? பேருந்து பிடித்து வந்த கூலித் தொழிலாளியா, கருமாரியா? இரண்டும்தான். இவளைக் கோட்டின் எந்தப் புள்ளியில் வைப்பீர்கள்? அம்மன் படங்கள் ஓடிய கொட்டகைகளிலும் திரையைப் பார்த்துச் சாமி வந்து ஆடியவர்கள் உண்டு. கண்ணாடி மாட்டாமலே கலந்து கிடப்பதுதான் நம் யதார்த்தம்.

‘அந்தக் காலத்திலேயே எல்லாம் நம்மகிட்ட இருந்துச்சு’ என்கிற பழம்பெருமைக்கு இதை யாரும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். சாமி வந்தால் மட்டுமே ஒரு பெண் உரக்கப் பேசலாம் என்கிற சமூகம் அவளுக்குத் தந்திருப்பது விடுதலை அல்ல. ஆட்டம் அடங்கியதும் அவள் பழைய இடத்துக்கே திரும்புகிறாள். ஆனாலும் அந்தக் கலப்புக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கூட்டம் கேட்கும்: “யாரு நீ? எதுக்கு வந்தே? உனக்கு என்ன கொற?” சந்தேகம் வந்தால் உள்ளங்கையில் சூடம் ஏற்றச் சொல்லும். கடைசியில் திருநீறு பூசி மலையேறச் சொல்லும். அதாவது, வந்ததைக் கேள்வி கேட்கவும் அனுப்பிவைக்கவும் கூட்டத்துக்கு உரிமை உண்டு.

இதை வைத்துக்கொண்டு புதிய சாமிகளைப் பார்ப்போம். 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிவலிங்கபுரம் என்ற ஊரில் நடந்த ஒரு திருமணத்தின் வரவேற்பு மெய்நிகர் வெளியில் நடத்தப்பட்டது. இறந்துபோன மணமகளின் தந்தை அங்கே உருவமாக வந்து வாழ்த்தினார். ஒரு மகளின் துக்கத்தைக் கிண்டல் செய்ய நமக்கு உரிமையில்லை. படத்துக்கு மாலை போடுவதன் நீட்சிதான் அது. 2024 ஜனவரியிலோ, 2018இல் மறைந்த கருணாநிதி செயற்கை நுண்ணறிவின் துணையால் டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாத் திரையில் தோன்றி மகனின் ஆட்சியைப் பாராட்டினார். அடுத்த மாதமே அ.தி.மு.க. ஜெயலலிதாவின் குரலை உருவாக்கி வெளியிட்டது. இங்கே “யாரு நீ?” என்று கேட்க முடியுமா? உருவத்தின் வாயில் சொல்லை வைத்தவர் திரைக்குப் பின்னால் இருக்கிறார். சூடம் ஏற்ற உள்ளங்கை இல்லை. கூட்டம் இங்கே வெறும் பார்வையாளர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2016இல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் ஹோலோலென்ஸில் கண்ணாடி ஊடாக அறையின் வெளிச்சம் நேராகவே கண்ணுக்கு வந்தது. படம் அதன்மேல் விழுந்தது. 2023இன் மெட்டா குவெஸ்ட் 3, 2024இன் ஆப்பிள் விஷன் புரோ இரண்டிலும் கண் முழுதாக மூடப்படுகிறது. நீங்கள் பார்க்கும் உங்கள் அறையே கேமரா பிடித்துத் திரையில் காட்டும் படம்தான். கலப்பு என்று விற்கப்படுவதில் இப்போது யதார்த்தத்தின் பங்கும் படமாகிவிட்டது. மில்கிராமின் கோட்டில் முதல் முனையை இரண்டாவது விழுங்கிவிட்டது எனலாம். உங்கள் வீட்டுச் சுவர், கட்டில், நடமாட்டம் எல்லாம் அளக்கப்படாமல் இந்தக் காட்சி உருவாகாது. அளந்த கணக்கு யாரிடம் தங்குகிறது என்பதுதான் அரசியல்.

விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘கூட்டப்பட்ட யதார்த்தம்’ என்ற பெயரே 1990களின் தொடக்கத்தில் போயிங் விமானத் தொழிற்சாலையில் பிறந்தது. ஒயர் கட்டுகளைக் கோக்கும் தொழிலாளியின் கண்முன் வரைபடத்தைக் காட்டுவதற்கான திட்டம் அது. அதன் அடுத்த வாடிக்கையாளர் ராணுவம். 2021இல் அமெரிக்கத் தரைப்படை இத்தகைய கண்ணாடிகளுக்காக மைக்ரோசாஃப்ட்டுடன் 2,190 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தம் போட்டது. அதற்கு முன்பே, 2019இல், அந்த நிறுவன ஊழியர்களில் ஒரு பகுதியினர் ‘எங்கள் உழைப்பைப் போருக்குக் கொடுக்காதே’ என்று கடிதம் எழுதி எதிர்த்தார்கள். 2024இல் ஹோலோலென்ஸ் உற்பத்தி நின்றது. 2025இல் ராணுவத் திட்டம் ஆண்டுரில் என்ற ஆயுத நிறுவனத்தின் கைக்குப் போனது. பொருள் செத்தாலும் திட்டம் சாகவில்லை.

திருவேற்காட்டுக்குப் பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் இருக்கின்றன. லேத்தில் இருபது வருஷம் நின்றவன் சத்தத்தை வைத்தே ‘டூல் மழுங்கிருச்சு’ என்பான். அந்த அறிவு அவன் உடம்பில் இருக்கும்வரை பேரம்பேசும் பலமும் அவனிடம் இருக்கும். அது கண்ணாடிக்குள் ஏறிவிட்டால் நேற்று வந்த ஒப்பந்தத் தொழிலாளியின் தலையில் அதை மாட்டி வேலை வாங்கலாம். அவன் எங்கே பார்த்தான், எத்தனை நொடி தயங்கினான் என்பதும் பதிவாகும்.

ஆகவே ‘எது நிஜம், எது பொய்’ என்ற பழைய கேள்வி இங்கே உதவாது. நிஜம் எப்போதும் கலந்ததுதான். கலப்பவர் யார், கேள்வி கேட்க யாருக்கு உரிமை, மலையேற்றி அனுப்ப யாருக்கு உரிமை என்பவையே நம் கேள்விகள். திருவேற்காட்டில் ஆடுகிறவளுக்குத் திருநீறு பூச அக்கம்பக்கத்தில் ஒரு கை இருக்கிறது. பணிநேரம் முழுக்கக் கண்ணாடி மாட்டி நிற்கப்போகும் தொழிலாளிக்கு அதைக் கழற்றும் உரிமையைத் தொழிற்சங்கங்கள் இப்போதே கோரிக்கைப் பட்டியலில் எழுதிச் சேர்க்க வேண்டும்.