கூரைக்குள் ஒரு வானம்

அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டரில் படம் பார்க்கப் போனால் அரை மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். அண்ணாந்து பார்க்க அவ்வளவு இருக்கிறது. கருநீலக் கூரையில் 96 படிக நட்சத்திரங்கள். அவற்றில் சில மினுக்குகின்றன. புரொஜெக்டர் ஒளியில் மேகங்கள் நகர்கின்றன. சுற்றிலும் கோட்டை மதில்கள். அரபு நகரமொன்றின் முற்றத்தில் இரவு நேரத்தில் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது.

பால்கனிக்கு மேலே பட்டை பட்டையாய் ஒரு கூடாரத் துணி. உண்மையில் அது துணியே இல்லை. இரும்புக் கம்பி வைத்துப் பூசிய சாந்து! மேடை ஒலியைப் பின்வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதுதான். அலங்காரமே வேலையும் பார்க்கிறது. அங்கே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1929 கிறிஸ்துமஸ் அன்று திறந்த அரங்கம். ஷ்ரைனர்கள் என்ற சங்கத்தார் தங்கள் மன்றமாகத் தொடங்கி, பணம் போதாமல் சினிமா முதலாளி வில்லியம் ஃபாக்ஸுடன் சேர்ந்து முடித்தார்கள். இவ்வளவு அழகுக்குள்ளும் கறுப்பின மக்களுக்குத் தனி வாசல், வெளிப்படிக்கட்டு, உச்சியில் கேலரி என்று ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் படிக்கட்டையும் பார்க்காமல் வரக்கூடாது.

1970களில் தொலைபேசி நிறுவனமொன்று இதை இடித்துத் தலைமையகம் கட்ட நினைத்தது. ஊரே திரண்டு நிதி சேர்த்துக் காப்பாற்றியது. அதனால்தான் 3,622 குழாய்கள் கொண்ட ஆர்கனின் வாசிப்பு மேசை, வாசிப்பவரோடு மேடைக்கு முன்னுள்ள பள்ளத்திலிருந்து இன்றும் மேலே எழுந்து வருகிறது. கோடைகாலப் படங்களுக்கு முன் அரங்கமே ஆர்கனோடு சேர்ந்து பாடுகிறது.