கம்பளத்துக்கு யார் பெயர்?

ஓவியக்கூடம் என்றதும் நம்மவரிடம் ஒரு தயக்கம் தோன்றும். அது காரணமற்றதன்று. உருவங்கள் கொண்ட திரைச்சீலையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பாததும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனை வெட்டித் தலையணைகளாக்கியதும் ஹதீஸ் நூல்களில் உள்ளவை. எனினும், உருவங்களை நாடாத கண்ணுக்கும் ஃப்ளெமிஷ் ஓவியங்களில் காணத்தக்கது ஒன்றுண்டு. அது அவற்றின் தரை.

இன்றைய பெல்ஜியத்திலுள்ள புரூஜ் நகரின் குரூனிங்கே அருங்காட்சியகத்தில், யான் வான் எய்க் 1436இல் முடித்த ஓவியம் ஒன்று இருக்கிறது. மர்யம் (அலை) அவர்களையும் குழந்தை ஈஸா (அலை) அவர்களையும் கிறிஸ்தவ மரபுப்படி தீட்டிய படம். அதை வரையச் செய்த முதிய பாதிரியார், கையில் நூலும் மூக்குக்கண்ணாடியுமாக ஒருபுறம் முழந்தாளிட்டிருக்கிறார். அரியணைப் படிகளின்மீது ஓர் இரத்தினக் கம்பளம் விரிந்து கிடக்கிறது. சாய்சதுரங்கள், எண்முனை நட்சத்திரங்கள். மனித உருவமும் இல்லை, விலங்குருவமும் இல்லை. அனத்தோலிய முஸ்லிம் நெசவாளரின் கோலமரபு அது.

அந்நாட்டுக் கம்பளங்களின் புகழ் புதிதன்று. பிற்காலத்தில் நம் மஅபருக்கும் வந்து சென்ற இப்னு பதூதா, அக்ஸராய் நகரின் ஆட்டுரோமக் கம்பளங்கள் ஷாம், மிஸ்ர், இந்தியா, சீனா வரை செல்வதாகத் தம் பயண நூலில் குறித்திருக்கிறார்.

இனி நம் குறை. மேற்கத்தியக் கம்பள ஆய்வாளர்கள் அனத்தோலியக் கோலம் ஒன்றை ‘மெம்லிங் குல்’ என்கின்றனர். மெம்லிங், 1494இல் மறைந்த புரூஜ் நகர ஓவியர். குல், மலரைக் குறிக்கும் பாரசீகச் சொல். நம் வீட்டுக் குல்கந்தில் இருப்பதும் அதுவே. இன்னும் ‘ஹோல்பைன் கம்பளம்’, ‘லோட்டோ கம்பளம்’ என்றும் வகைகள் உண்டு. நெய்தவர் பெயரன்று, பார்த்து வரைந்தவர் பெயர்! ஓவியத்தின் ஆண்டைக் கொண்டு கம்பளத்தின் காலத்தைக் கணித்ததால் வந்த வழக்கு இது. வசதி புரிகிறது; நியாயம் புரியவில்லை.

இதனை நீலகிரியை நினைத்தே எழுதுகிறோம். இங்குத் தோடர் குலப் பெண்கள், வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் பூத்துக்குளி என்னும் போர்வைக்குப் பூவேலை செய்கின்றனர். முன்வரைந்த கோலம் கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி செல்கிறது. தறியில் முடிச்சுகளை எண்ணிக் கோலமிட்ட அனத்தோலியரின் கணக்கறிவுக்கு இது சற்றும் குறைந்ததன்று. 2013இல் இக்கைவேலை தோடர் பெயராலேயே புவிசார் குறியீடு பெற்றது. அனத்தோலியருக்குக் கிட்டாத நீதி இவர்களுக்கு அந்த அளவில் கிட்டியிருக்கிறது.

அது குலத்தின் பெயர். கையின் பெயர் அன்று. உதகையில் 1989இல் நிறுவப்பெற்ற அரசு அருங்காட்சியகம் பழங்குடியினரின் பொருள்களைக் காட்சிக்கு வைக்கிறது. அத்தகைய இடங்களில் பூத்துக்குளியின் கீழுள்ள குறிப்பட்டையில், தைத்த பெண்ணின் பெயரும் அவளது மந்தின் பெயரும் இருத்தல் வேண்டும். புரூஜ் நகரத்தார்க்கு இனி அது இயலாது. உதகையில் இயலும், கேட்டு எழுதிக்கொள்ள, தைக்கிறவர்கள் அருகிலேயே வாழ்கிறார்கள்.