கேட்காத கச்சேரி

சங்கீத ரஸிகர்களில் ஒரு விசித்திரமான ஜாதி உண்டு: தாங்கள் போகாத கச்சேரிக்காக ஏங்குகிறவர்கள். என் நண்பர் ஒருவர் அந்த ஜாதியைச் சேர்ந்தவர். 1969-இல் அவர் பிறக்கவே இல்லை. ஆயினும் அந்த வருஷம் ஏப்ரல் மாதம் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்து ஆவலான் மண்டபத்தில் நடந்த கச்சேரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், முன்வரிசையில் நின்று கேட்டுவிட்டு வந்தவரைப் போலப் பேசுவார். "அந்தக் காலம் வருமா, ஸார்?" என்று பெருமூச்சோடு முடிப்பார்.

அவரைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. அந்த ஒலிப்பதிவை அவரிடமே இரவல் வாங்கிக் கேட்டுவிட்டு, நானும் அதே பெருமூச்சை விட்டவன்தான். ஆனால் பெருமூச்சு விட்ட பிறகு அதைப் பற்றி யோசிப்பது எழுத்தாளனுடைய கெட்ட பழக்கம்.

அன்று பாடியவர்கள் ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் என்ற குழுவினர். கிராம் பார்ஸன்ஸும் கிறிஸ் ஹில்மனும் அதன் தலைவர்கள். அமெரிக்கத் தென்மாநிலத்து ஜனங்களின் 'கண்ட்ரி' பாட்டையும், நகரத்து இளைஞர்களின் 'ராக்' சங்கீதத்தையும் ஒன்றாக இழைக்கப் பார்த்தவர்கள். பிற்காலத்தில் இந்த முயற்சிக்குப் பெரிய மதிப்பு வந்தது. அன்றைக்கோ, ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்ற கதைதான். கண்ட்ரி ரஸிகர்களுக்கு அவர்களுடைய நீண்ட தலைமயிர் பிடிக்கவில்லை. ராக் ரஸிகர்களுக்கு ஸ்டீல் கிதாரின் விம்மல் தாத்தா காலத்துச் சமாசாரமாகப் பட்டது. 1969-இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டு, 200 இடங்கள் கொண்ட விற்பனைப் பட்டியலில் 164-க்கு மேலே ஏறவில்லை.

ஆவலானில் அன்று முக்கியக் கச்சேரி கிரேட்ஃபுல் டெட் என்ற குழுவினுடையது. இவர்கள் அதற்கு முன்னால் பாடியவர்கள். டெட் குழுவின் ஒலியமைப்பாளர் அவுஸ்லி ஸ்டான்லி. தம் வேலை சரியாக இருந்ததா என்று பிறகு போட்டுக் கேட்பதற்காகக் கச்சேரிகளைப் பதிவு செய்து வைப்பது அவர் வழக்கம். மளிகைக் கடைக்காரரின் நாள்வழிக் கணக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் ஒரு பக்கந்தான் இந்தப் பதிவு. 2007-இல்தான் அது வெளியே வந்தது. பார்ஸன்ஸ் 1973 செப்டம்பரிலேயே, 26-ஆவது வயதில், காலமாகிவிட்டார்.

பதிவை நிதானமாகக் கேட்டேன். இரண்டு குரல்களும் சில இடங்களில் அழகாகச் சேருகின்றன. சில இடங்களில் ஒன்றை ஒன்று தேடிக்கொண்டு போகின்றன. "அந்தப் பிழைதான் ஸார் உயிர்!" என்கிறார் நண்பர். நான் ஒப்பமாட்டேன். பிழை பிழைதான். அறுபதுகளில் செய்த பிழை என்பதற்காக அது பாவமாகிவிடாது. அந்தப் பதிவின் உயர்வு வேறு இடத்தில் இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் பிற்பாடு கேட்டு உருகவேண்டும் என்று எண்ணி யாரும் அதைச் செய்யவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு பதிவும் உண்டு. பார்ஸன்ஸின் கடைசி இசைத்தட்டான 'கிரீவஸ் ஏஞ்சல்', அவர் மறைந்த பிறகு 1974-இல் வெளிவந்தது. அதில் இரண்டு பாட்டுக்கள் 'வடக்குக் க்யுபெக்கில் நேரில் பாடியவை' என்ற தலைப்போடு வருகின்றன. கூட்டத்தின் கூச்சல், கைதட்டல் எல்லாம் கேட்கின்றன. எம்மிலூ ஹாரிஸ் கூடவே பாடுகிறார். மேடைக் கச்சேரி என்றால் இதுவல்லவோ என்று உள்ளம் குளிர்ந்துபோனேன். அப்புறந்தான் தெரிந்தது: க்யுபெக்கும் இல்லை, கூட்டமும் இல்லை. ஸ்டூடியோவில் பாடி, ஆரவாரத்தைப் பின்னால் சேர்த்திருக்கிறார்கள்!

முதலில் எனக்குக் கோபந்தான் வந்தது. பிறகு அந்த இரண்டாவது பாட்டு எது என்று கவனித்தேன். 'ஹிக்கரி விண்ட்', அவரும் ஒரு நண்பரும் சேர்ந்து இயற்றியது. 1968 மார்ச்சில், பேர்ட்ஸ் குழுவில் இருந்தபோது, கண்ட்ரி சங்கீதத்தின் கோயில் என்று சொல்லத்தக்க நாஷ்வில் நகரத்து கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் அவர் பாடியதும் இதே பாட்டுத்தான். அறிவித்திருந்த பாட்டை விட்டுவிட்டு, தம் பாட்டிக்குச் சமர்ப்பணம் என்று சொல்லி இதைப் பாடினார். சபைக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. மேடைக்குரியவர்களுக்கோ கோபம்.

ஐந்து வருஷம் கழித்து அதே பாட்டைப் பாடும்போது, தமக்கு வேண்டிய சபையைத் தாமே உண்டாக்கிக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேடிக்கைக்காகச் செய்தது என்றும் சொல்லலாம். இருக்கட்டும். இல்லாத மனிதர்களை உண்டாக்கிப் பிழைப்பவன் நான். இந்தப் பொய்யைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. உண்மையான கைதட்டல் கிடைத்தவன் பொய்க் கைதட்டலைத் தேடிப் போவானா?

தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது நண்பரிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் அந்த மனிதர் கேட்ட கூட்டம் நாங்கள்தானே?" என்றார் சந்தோஷமாக. ஆமாம். ஆனால் நேரத்துக்கு வந்து சேரவில்லையே! அன்று ஆவலானில் இருந்திருந்தால் நாம் மட்டும் என்ன செய்திருப்போம்? "டெட் எப்போது வரும்?" என்று கடிகாரத்தைப் பார்த்திருப்போமோ என்னவோ.

இன்று மாலையும் ஏதோ ஓர் ஊரில், பின்னால் வரப்போகும் பெரிய வித்வானுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தின் முன்னால் யாரோ ஒருவர் பாடிக்கொண்டிருப்பார். பழைய பதிவை நினைத்து ஏங்குவது தப்பில்லை. போகிற வழியில் அவருடைய கச்சேரியையும் முழுதாகக் கேட்டுவிட்டு வரலாம்.