பதினொரு கோப்பும் ஒரு கட்டும்

ஆடிச் சாரல் விடாது பெய்யும் நாட்களில் மின்சாரமும் இணையமும் சொல்லிவைத்தாற்போல் ஒருங்கே மறைந்துபோவது வண்டன்மேட்டின் நித்திய அனுபவம். அப்படியொரு மாலையில், பக்கத்து ஏலத்தோட்டக்காரர் சொட்டச் சொட்ட நனைந்த குடையோடும், சட்டைப் பைக்குள் பத்திரமாகக் காகிதத்தில் பொதிந்த பென்டிரைவோடும் வந்து நின்றார். "அண்ணே, பட்டயம், கரம் அடைச்ச ரசீது, கைவசச் சர்டிபிகேட்டு எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப்பாத்தான் வாங்குவாங்களாம், அஞ்சு எம்பிக்கு மேல போனா ஏத்துக்காதாம்" என்றார். கடன் கொடுக்க இசைந்த இடத்தின் நிபந்தனை அது. பென்டிரைவில் இருந்தவை பதினொரு கோப்புகள். கூட்டிப் பார்த்தால் முப்பத்துநாலு எம்பி.

இணையத்தில் கோப்புகளை ஏற்றினால் ஒன்றாக்கித் தரும் தளங்கள் பல உண்டென்பது நான் அறியாததன்று. ஆயினும், ஒரு மனிதரின் ஆதாரும், வங்கிப் பாஸ்புக்கும், நில உரிமையும் முன்பின் தெரியாத கணினியொன்றுக்குப் பயணம் போய்த் திரும்புவதில் எனக்குச் சம்மதமில்லை. சம்மதமிருந்தாலும் அன்று இணையம் இல்லை. ஆகவே என் மடிக்கணினியில் ஏற்கெனவே குடியிருந்த மூன்று இலவசச் சாதனங்களை, மின்கலம் தாங்கும்வரை பரீட்சித்துப் பார்ப்பதென்று தீர்மானித்தேன்.

பரீட்சையின் பலனைச் சொல்லுமுன், இணைப்பு என்ற காரியத்துக்குள் என்னதான் நிகழ்கிறது என்பதைச் சற்று விளக்குவது அவசியம். பிடிஎஃப் கோப்பு என்பது பக்கங்களின் வரிசை என்று நாம் எண்ணுகிறோம்; உண்மையில் அது இலக்கமிட்ட பொருள்களின் குவியல். எழுத்துரு ஒன்று, படம் ஒன்று, பக்கம் ஒன்று எனத் தனித்தனி இலக்கம் பெற்று அவை கிடக்க, எந்த இலக்கம் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கோப்பின் கடைசியில் இருக்கும். படிக்கும் மென்பொருள் அந்த வாலைப் பிடித்தே உள்ளே நுழைகிறது. இரண்டு எஸ்டேட்டுகளை ஒரே முதலாளி வாங்கி, இரண்டு செக்ரோல்களையும் ஒன்றாக்கச் சொன்னால் கணக்கப்பிள்ளை படும் பாட்டை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் முதல் இலக்கத்தில் ஓர் ஆள் இருப்பார். ஆகவே ஒரு பேரேட்டின் ஆட்களுக்கெல்லாம் புது இலக்கம் கொடுத்து, முன்பணக் கணக்கிலும் அரிசிக் கணக்கிலும் பழைய இலக்கம் வந்த இடங்களையெல்லாம் தேடித் திருத்தியாக வேண்டும். நல்ல இணைப்பு மென்பொருள் செய்வது இந்த இலக்க மாற்றத்தை மட்டுமே. ஆட்களை அது தொடுவதில்லை. 1991-இல் ஜான் வார்னாக் அடோபி நிறுவனத்தில் தொடங்கிய முயற்சி 1993-இல் வெளியாகி, 2008-இல் ஐஎஸ்ஓ 32000 என்ற சர்வதேசத் தரமாகிவிட்டபடியால், இந்தப் பேரேட்டின் விதிகள் இன்று எவருக்கும் பொது. அதனாலேயே இத்தனை இலவசச் சாதனங்கள் பிழைத்திருக்கின்றன.

முதலாவது பிடிஎஃப்சாம் பேசிக். கோப்புகளை இழுத்துப் போட்டு, மேலும் கீழுமாக நகர்த்தி, ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கங்கள் வேண்டுமென்று குறித்து, ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. ஒற்றைப்படைப் பக்கத்தில் முடியும் கோப்புக்குப் பின் வெற்றுத் தாள் சேர்க்கும் வசதியை, இருபுறமும் அச்சடிப்பவர்கள் மெச்சுவார்கள். கைப்பேசியில் எடுத்த பக்கம் ஓர் அளவாகவும் ரசீது வேறோர் அளவாகவும் இருந்ததை, எல்லாப் பக்கங்களையும் ஒரே அகலமாக்கும் தெரிவு சீர்ப்படுத்திற்று.

இரண்டாவது க்யூபிடிஎஃப். இதற்குச் சன்னல் இல்லை, பொத்தான் இல்லை. கட்டளையைத் தட்டச்சு செய்வதொன்றே வழி. வேகத்தில் கண் இமைக்கும் நேரம்தான்; ஆனால் கோப்புகளின் பெயரைச் சொல்லாமல் "இங்குள்ளவை யாவும்" என்று பொதுவாகக் கட்டளையிட்டேனாகையால், 1-க்குப் பின் 10, 11 வந்து, அதன் பிறகே 2 வந்தது. கணினி பெயரை எழுத்தெழுத்தாகப் பார்க்கிறதேயன்றி எண்ணாக மதிப்பதில்லை. 01, 02 என்று பெயர் மாற்றியதும் வரிசை நேராயிற்று.

இரண்டு சாதனங்களும் படங்களைத் தொடாத யோக்கியர்கள். ஆகவே முப்பத்துநாலு எம்பி முப்பத்துநாலாகவே நின்றது. இங்கேதான் கோஸ்ட்ஸ்கிரிப்ட் வருகிறது. இது கட்டுவதில்லை, ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துப் புதிதாக எழுதுகிறது. திரைக்கென்று உள்ள சிக்கன அமைப்பை ஆத்திரப்பட்டு நான் தேர்ந்துகொள்ள, படங்கள் அங்குலத்துக்கு 72 புள்ளியாகச் சுருங்கி, பட்டயத்தின் மங்கிய மலையாளக் கையெழுத்தும் முத்திரையும் பாசி படிந்ததுபோல் ஆகிவிட்டன. மின்னூல்களுக்கென்று உள்ள 150 புள்ளி அமைப்பில் மீண்டும் ஓட்டியபோது எழுத்துகள் பிழைத்தன. அளவு நாலரை எம்பிக்கு இறங்கியது. எட்டு மில்லிமீட்டர் ஏலக்காயையும் சிறுகாயையும் ஒரே சாக்கில் கொட்டினால் என்ன விலை கிடைக்கும் என்பது புற்றடி ஏலக்கூடம் அறிந்த எவருக்கும் தெரியும். ஆகையால் கனத்த படக்கோப்புகளை மட்டும் முதலில் இதில் சுருக்கிக்கொண்டு, ஏற்கெனவே மெலிந்த ரசீதுகளை அப்படியே விட்டு, எல்லாவற்றையும் பிடிஎஃப்சாமில் கட்டுவதே என் அபிப்பிராயத்தில் உத்தமமான முறை.

ஒரு சங்கடத்தை மூன்று சாதனங்களும் தீர்க்கவில்லை, தீர்க்கவும் முடியாது. அக்ஷயா என்னும் அரசுச் சேவை மையத்தில் பெற்ற சான்றிதழ் ஒன்றில் அதிகாரியின் டிஜிட்டல் ஒப்பம் இருந்தது. அவ்வொப்பம் கோப்பின் இந்தப் பைட்டிலிருந்து அந்தப் பைட்டுவரை என்று அளந்து போட்ட முத்திரை. இணைப்பிலோ அத்தனை பைட்டுகளும் இடம் பெயர்ந்துவிடுகின்றன. கட்டுக்குள் போனபின் ஒப்பத்தின் உருவம் தெரியும், உயிர் இராது. நண்பருக்கு இதை எடுத்துச் சொல்லி, ஒன்றாக்கிய கோப்பையும், தீண்டாத அந்த மூலச் சான்றிதழையும் தனித்தனியே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மின்கலத்தில் பதினொரு சதவீதம் மிச்சமிருந்தது. "ரெண்டாவது கோப்பு எதுக்குண்ணே? அவங்க ஒண்ணுதானே கேட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் குடையை விரித்தார்.