வாட்டம் தெரியாத வரைபடம்

போன மாதம் சித்தப்பா ஒரு கட்டு ஜெராக்ஸைக் கொடுத்து, "பேப்பர் எல்லாம் சரியா இருக்கான்னு பாருப்பா" என்றார். செஞ்சி பக்கம், மலையடிவாரத்தில் ஒரு மனை. பட்டா, மூலப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், எஃப்எம்பி, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு வரைபடம். இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். எல்லாம் சரி. ஆனால் இத்தனை காகிதத்தில் ஒன்றுகூட அந்த நிலத்தின் வாட்டம் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

எஃப்எம்பியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. எல்லைக்கல், ஜி-லைன், அதிலிருந்து பக்கவாட்டு அளவுகள் என்று அவ்வளவு நேர்த்தியான ஆவணம். ஆனால் அதில் மட்டம் கிடையாது. யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு தீர்வை என்று பார்க்க வந்த படம் அது. ஓடை புறம்போக்கு என்றால் தனி சர்வே எண்ணோடு 'அ' பதிவேட்டில் இருக்கும். பட்டா நிலத்தின் குறுக்கே பெருமழையில் மட்டும் பாயும் தண்ணீருக்கு எந்த எண்ணும் இல்லை. சரி, டோப்போஷீட் பார்க்கலாம் என்றால், 1:50,000 படத்தில் சமஉயரக் கோடு 20 மீட்டருக்கு ஒன்று. 3 ஏக்கர் மனைப்பிரிவு இரண்டு கோடுகளுக்கு நடுவே காணாமல் போய்விடும்.

செஞ்சியில் இது சில்லறை விஷயமில்லை. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் உருண்டைப் பாறைகளை அள்ளிக் கொட்டிய மாதிரி இருக்கும். பெய்வதைக் குடிக்க அங்கே மண் குறைவு, மழை நேராகக் கீழே இறங்கும். 2024 ஃபெஞ்சல் புயலில் இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. பெய்தது. கோட்டையைக் கட்டியவர்களுக்கு இந்தத் தண்ணீரின் போக்கு தெரிந்திருக்கிறது. செட்டிக்குளம், சக்கரக்குளம், மலைமேல் தேக்கங்கள். கல்யாண மகாலுக்கு அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுடுமண் குழாயில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1690 முதல் 1698 வரை முகலாய முற்றுகையைத் தாங்க வெறும் மதில் போதுமா என்ன?

நம் சட்டம் நிலத்தைப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவுதான் கண்மூடித்தனமான கூறுபோடலுக்கு முதல் பிரேக். அடுத்து வந்த 2017 வரன்முறை விதிகளும் நீர்நிலையில் விழுந்த மனைகளுக்கு இடம் தரவில்லை. ஆனால் நடைமுறையில் நீர்நிலை என்பது பதிவேட்டில் நீர்நிலை என்று எழுதியிருப்பது. 2019 கட்டட விதிகள் சாலை அகலத்தையும், 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதத் திறந்தவெளியையும் கறாராகக் கேட்கின்றன. அந்த 10 சதவீதம் எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நேரில் போய்ப் பார்த்தேன். பூங்காவுக்கு விட்ட இடம் மேட்டில், பாறை தலைநீட்டும் மூலையில், அதாவது விற்க முடியாத இடத்தில். பள்ளம் முழுக்க மனை. இயன் மக்ஹார்க் 1969-இல் எழுதிய 'டிசைன் வித் நேச்சர்' புத்தகம் இதை நேர் எதிராகச் செய்யச் சொல்கிறது: மண், சரிவு, நீரோட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, எங்கே கட்டக்கூடாது என்பதை முதலில் முடிவு செய். இங்கே மனை எண் போட்ட பிறகு மிஞ்சியது பூங்கா.

இன்னொன்று. செஞ்சி பக்கத்து மனை விளம்பரங்களில் 'கோட்டை வியூ' என்று போடுகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை சேர்ந்த பிறகு அதற்கு மவுசு கூடத்தான் செய்யும். ஆனால் 2010-இல் திருத்திய தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். நிலத்தை வாங்க விற்க அந்தச் சட்டம் தடை போடவில்லை, வீடு கட்டப் போகும்போதுதான் உறைக்கும். தூரத்தை மதிலிலிருந்து குத்துமதிப்பாக அளந்தால் போதாது, தொல்லியல் துறையின் எல்லை எது என்று தெரியணும். சித்தப்பாவின் கட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

திரும்பும்போது ரோட்டில் ஒரு கல்வர்ட்டைப் பார்த்தேன். (பேச்சில் அது 'கல்வெட்டு' ஆகிவிடும், செஞ்சியில் அப்படிச் சொன்னால் வரலாற்று ஆர்வலர்கள் நோட்டோடு ஓடிவருவார்கள்.) ரோடு போட்ட என்ஜினியர், தண்ணீர் இங்கேதான் கடக்கும் என்று கண்டுபிடித்துக் குழாய் வைத்திருக்கிறார். குழாயின் மறுவாய் நேராக மனைப்பிரிவின் நடுத்தெருவைப் பார்க்கிறது. பக்கத்துக் கொல்லியில் மல்லாட்டை பறித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "மய பேஞ்சா தண்ணி இப்பிடிதாங்க போவும்" என்று கையை வீசிக் காட்டினார். அவர் கை போன திசையில் சித்தப்பாவின் மனை.

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு சர்வேயரை வைத்து லெவல் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். "அதுக்குத் தனியா காசு வேறயா?" என்றார் சித்தப்பா.